துறை தாண்டச் சொல்கிறார்கள், படிவம் விடுவதில்லை

"துறைகள் சேர்ந்து ஆய்வு செய்யுங்கள், பணம் தருகிறோம்" என்று பல்கலைக்கழகம் அறிவித்தது. நானும் நம்பி, கணிதத்தில் ஒருவரையும் உயிரியலில் ஒருவரையும் பிடித்து விண்ணப்பம் எழுத உட்கார்ந்தேன். படிவத்தின் முதல் கேள்வியே "உங்கள் துறை எது?" ஒன்றைத்தான் தேர்வு செய்ய முடியுமாம்!

சரி, அதைத் தாண்டினால் மதிப்பீடு. மதிப்பிடும் கணிதக்காரர் "இதில் புதுக் கணிதம் எங்கே?" என்கிறார், மதிப்பிடும் உயிரியல்காரர் "சோதனைகள் போதாது" என்கிறார். அவரவர் துறையில் நின்று பார்த்தால் இரண்டும் நியாயம்தான், அடி மட்டும் எங்களுக்கு. இது என் புலம்பல் மட்டுமல்ல. ஆஸ்திரேலிய ஆய்வுக் கவுன்சிலுக்கு வந்த 18,000க்கும் மேற்பட்ட விண்ணப்பங்களை அலசி 2016இல் நேச்சர் இதழில் வந்த கட்டுரையும், துறைக்கலப்பு கூடக்கூட நிதி கிடைக்கும் வாய்ப்பு குறைகிறது என்றே காட்டியது.

அப்புறம் ஆய்வுக் கட்டுரையில் எழுதியவர்களின் பெயர் வரிசை. கணிதத்தில் பெரும்பாலும் அகரவரிசை. உயிரியலில் கடைசிப் பெயருக்குத்தான் மவுசு. கட்டுரையில் ஒரு வரிகூட எழுதவில்லை, அதற்குள் இதற்கே மூன்று கூட்டம். பணம் வந்தால் எந்தத் துறையின் கணக்கில் வரவு வைப்பது என்று நிதிப் பிரிவு வேறு இப்போதே கேட்கிறது.