அலியின் சொற்கள் யார் மேல் விழுந்தன?

குத்துச்சண்டை வீரர் முகமது அலி இறந்த நாளான ஜூன் 3 வந்தால் அவர் படம் நம்மவர்கள் பலருடைய பக்கங்களில் ஏறிவிடும். மல்லாந்து கிடக்கும் சானி லிஸ்டனைப் பார்த்துக் கையை மடக்கி உறுமும் அந்தப் படம், வியட்நாம் போருக்குப் போகமாட்டேன் என்று சொன்ன கதை, கூடவே நாலைந்து பொன்மொழி. இரண்டு நாள் கழித்து இன்னொரு கூட்டம் ஒரு பழைய பேட்டியைத் தூக்கிக்கொண்டு வரும். "கறுப்பர் கறுப்பரோடு இருக்கட்டும், வெள்ளையர் வெள்ளையரோடு இருக்கட்டும்னு சொன்ன ஆளுதான் உங்க அலி. அவரும் இனவெறியர்தானே?" முதல் தரப்பு அந்தப் பேட்டியே இல்லாத மாதிரி நடந்துகொள்ளும். இரண்டாம் தரப்புக்கு அதைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாது.

எனக்கு அலி மேல் பெரும் பிரியம் உண்டு. அதனால்தான் இதை விரிவாக எழுதத் தோன்றுகிறது. இறந்தவரைப் பற்றி இப்போது ஏன் பேச வேண்டும் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம்: இறந்த பிறகுதானே அவரைத் தெய்வமாக்கி மேலே தூக்கி வைத்தோம்? மேலே தூக்கும்போது பேசலாம், எடை போடும்போது பேசக்கூடாது என்பது என்ன நியாயம்?

முதலில் அந்தப் பேட்டி. 1971 அக்டோபர், பிபிசி, மைக்கேல் பார்கின்சன் நிகழ்ச்சி. அலிக்கு வயது 29. நல்ல சூட், அந்த அழகான முகம், அருவி மாதிரிக் கொட்டும் பேச்சு. ஒவ்வொரு பறவையும் தன் வகையோடுதான் பறக்கிறது, கடவுளே அப்படித்தான் படைத்தார், என் பிள்ளைகள் என்னைப் போல இருக்க வேண்டும், அதனால் என் இனத்துப் பெண்தான் எனக்கு வேண்டும் என்கிறார். பார்வையாளர்கள் சிரிக்கிறார்கள், கை தட்டுகிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சாதி மாறிக் காதலித்த பிள்ளைகளை மிரட்ட நம் ஊர் வீடுகளிலும் இந்தப் பறவைக் கதையைத்தான் சொல்கிறார்கள்.

ஆனால் இதை மட்டும் வைத்து "வெள்ளை இனவெறியரும் இவரும் ஒன்று" என்று முடித்துவிடுபவர்களோடு என்னால் சேர முடியாது. அலி பிறந்தது 1942-இல், கென்டக்கியின் லூயிவில்லில். கறுப்பரும் வெள்ளையரும் கல்யாணம் செய்துகொள்வதை அந்த மாநிலம் சட்டம் போட்டே தடுத்து வைத்திருந்தது. அந்த மாதிரிச் சட்டங்கள் செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் லவிங் வழக்கில் தீர்ப்புச் சொன்னது 1967 ஜூன் 12. எட்டே நாள் கழித்து, ஜூன் 20 அன்று, ராணுவத்தில் சேர மறுத்ததற்காக அலிக்கு ஐந்தாண்டுச் சிறையும் பத்தாயிரம் டாலர் அபராதமும் விதிக்கப்பட்டன. தன் வாலிபத்தின் பெரும்பகுதியைச் சட்டமே பிரித்து வைத்திருந்த ஒரு நாட்டில் கழித்த மனிதன், "நீங்களும் வேண்டாம், உங்கள் உறவும் வேண்டாம்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டதற்கும், அந்தச் சட்டத்தை எழுதியவர்களின் திமிருக்கும் நடுவே பெரிய தூரம் இருக்கிறது. அலி பேசியதால் எந்த வெள்ளைக் குழந்தைக்கும் பள்ளிக்கூடக் கதவு சாத்தப்படவில்லை. எந்த வெள்ளைக்காரருக்கும் ஓட்டுரிமை போகவில்லை. அவருடைய பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டி இத்தாலிய வம்சத்து வெள்ளைக்காரர். "வெள்ளையர் எல்லாம் பிசாசுகள்" என்று அலி முழங்கிய காலத்திலும் மூலையில் நின்று அவருக்கு முகம் துடைத்துவிட்டவர் அவர்தான்.

அந்தப் பிசாசுக் கதை, நேஷன் ஆஃப் இஸ்லாம் என்ற அமெரிக்கக் கறுப்பர்களின் மத அமைப்பு சொல்லிக்கொடுத்தது. யாக்கூப் என்றொரு விஞ்ஞானி வெள்ளை இனத்தை உருவாக்கினான் என்று அதன் தலைவர் எலைஜா முகமது போதித்தார். 1964 பிப்ரவரியில் லிஸ்டனை வீழ்த்திய மறுநாளே, தான் அந்த அமைப்பில் இருப்பதை, அப்போது கேசியஸ் கிளே என்ற பெயரில் இருந்த அலி ஒப்புக்கொண்டார். அடுத்த மாதம் முகமது அலி ஆனார். எதிலிருந்து தப்பி அங்கே போனார் என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் அங்கே எதைக் கற்றுக்கொண்டார் என்பதற்கு அவரே பொறுப்பு. வெள்ளையரும் கறுப்பரும் தனித்தனியாக வாழ வேண்டும் என்ற ஒரே புள்ளியில் ஒத்துப்போனதால், அமெரிக்க நாஜிக் கட்சித் தலைவர் ஜார்ஜ் லிங்கன் ராக்வெல்லை 1962-இல் தங்கள் மாநாட்டு மேடையிலேயே ஏற்றிப் பேசவைத்த அமைப்பு அது.

"அந்தக் காலம் அப்படி" என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. அதே காலத்தில், அதே அடியை வாங்கிக்கொண்டு, மார்ட்டின் லூதர் கிங் வேறு மாதிரி பேசிக்கொண்டிருந்தார். அந்த அமைப்பின் பேச்சாளராக இருந்து, அலிக்கு அந்த மார்க்கத்தைக் காட்டிய மால்கம் எக்ஸே 1964-இல் மெக்காவில் வெள்ளை முஸ்லிம்களோடு ஒரே தட்டில் சாப்பிட்டுவிட்டு, தன் பழைய பேச்சைத் திருத்திக்கொண்டார். அந்த மே மாதம் கானாவில் இருவரும் எதிரெதிரே வந்தபோது அலி அவருக்கு முகம் கொடுக்கவில்லை. அடுத்த பிப்ரவரியில் மால்கம் சுட்டுக் கொல்லப்பட்டார். அவரை உதறியது தன் வாழ்க்கையில் மிகவும் வருந்தும் தவறுகளில் ஒன்று என்று அலி பின்னாளில் எழுதினார். எழுதியபோது நாற்பது வருஷம் கடந்திருந்தது.

ஆகவே நான் கேட்பது, அலி இனவெறியரா இல்லையா என்பதை அல்ல. அவர் சொன்னது யார் மேல் போய் விழுந்தது, அதை யார் சுமந்தார்கள் என்பதைத்தான். அப்படிப் பார்க்கத் தொடங்கினால், பார்கின்சன் பேட்டி எனக்கு அவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை. அதைவிட என் மனதை அறுப்பவை வேறு இரண்டு.

முதலாவது, 1975 நவம்பரில் பிளேபாய் பத்திரிகையில் வந்த பேட்டி. வெள்ளைக்காரப் பெண்ணோடு உறவு வைக்கும் கறுப்பன் கொல்லப்பட வேண்டும் என்கிறார் அலி. வாய் தவறி வந்த வார்த்தை இல்லை. கேட்டவர் மேலே துருவியும் அவர் பின்வாங்கவில்லை. இதை எழுதும்போதே எனக்கு எம்மெட் டில் ஞாபகம் வருகிறான். சிகாகோவிலிருந்து மிசிசிப்பியில் உள்ள சொந்தக்காரர் வீட்டுக்குப் போன பதினாலு வயசுப் பையன். கடையில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணிடம் தகாத முறையில் நடந்துகொண்டான் என்று சொல்லி, 1955 ஆகஸ்டில் அவனைத் தூக்கிக்கொண்டு போய் அடித்து, சுட்டு, ஆற்றில் போட்டார்கள். அடையாளம் தெரியாமல் சிதைந்த அந்த முகத்தை உலகம் பார்க்கட்டும் என்று அவன் அம்மா சவப்பெட்டியைத் திறந்தே வைத்தார். கொன்றவர்களை வெள்ளை ஜூரி விடுதலை செய்தது. லூயிவில்லில் பதிமூன்று வயதுப் பையனாக இருந்த அலி அந்தப் படத்தைப் பத்திரிகையில் பார்த்தார், அது தன்னை எவ்வளவு உலுக்கியது என்று அவரே சொல்லியிருக்கிறார். அந்த மனிதர், இருபது வருஷம் கழித்து, அதே குற்றத்துக்கு அதே தண்டனையைச் சொல்கிறார். சொன்னவர் கறுப்பர் என்பதால் அதன் கொடூரம் குறையவில்லை. அந்த வார்த்தை எந்த வெள்ளைக்காரர் மேலும் விழவில்லை, இன்னொரு கறுப்பு இளைஞன் கழுத்தில்தான் விழுந்தது.

இரண்டாவது ஜோ ஃபிரேசியர். இங்கேதான் எனக்கு மனசு ஆறுவதே இல்லை.

தென் கரோலினாவின் பியூஃபோர்ட்டில் குத்தகை விவசாயி வீட்டில் பிறந்தவர் ஃபிரேசியர். பிழைப்புத் தேடி வடக்கே போய், பிலடெல்பியாவில் ஒரு கசாப்புக்கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டே குத்துச்சண்டை பழகினார். ராணுவத்தில் சேர மறுத்ததற்காக அலியின் பட்டத்தைப் பிடுங்கி, மூன்றரை வருஷம் சண்டை போடவே விடாமல் வைத்திருந்த காலத்தில், அவருக்கு லைசென்ஸ் திரும்பக் கிடைக்க வேண்டும் என்று குரல் கொடுத்தவர். கையிலிருந்து பணமும் கொடுத்து உதவியவர். 1971 மார்ச் 8, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன் சண்டைக்கு முன்னால் அந்த மனிதரை அலி "அங்கிள் டாம்" என்றார். வெள்ளைக்காரனுக்குக் கைகட்டி நிற்கும் கறுப்பன் என்று அர்த்தம். கறுப்பர்களுக்குள் இதைவிடப் பெரிய வசவு கிடையாது. ஃபிரேசியர் ஜெயிப்பார் என்று நினைக்கிற கறுப்பர் யாராக இருந்தாலும் அவரும் அங்கிள் டாம்தான் என்றார். ஃபிரேசியருக்குக் கொலை மிரட்டல் வந்தது. பள்ளிக்கூடத்தில் அவர் பிள்ளைகளைக் கேலி செய்தார்கள். பெயர் எழுதும் பலகைகளுக்கு வண்ணம் தீட்டிச் சம்பாதித்தவரின் மகன், சொந்த வீட்டில் வளர்ந்தவர், குத்தகை விவசாயியின் மகனைப் பார்த்து "நீ உண்மையான கறுப்பன் இல்லை" என்று சொல்கிறார்!

அந்தச் சண்டையின் பதினைந்தாவது சுற்றில் ஃபிரேசியரின் இடது ஹூக், கையை மடக்கி வீசும் குத்து, அலியின் தாடையில் இறங்குகிறது. அலி மல்லாந்து விழுகிறார், காலணியின் சிவப்புக் குஞ்சங்கள் மேலே பறக்கின்றன. மூன்று நடுவர்களும் ஃபிரேசியர் வென்றதாக எழுதினார்கள்.

அதற்கும் அலி அடங்கவில்லை. 1975 அக்டோபர் 1, மணிலா. அதற்கு முந்தைய வாரங்களில் ஃபிரேசியரை "கொரில்லா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பத்திரிகையாளர் கூட்டத்தில் சட்டைப் பையிலிருந்து ஒரு குட்டி ரப்பர் கொரில்லாவை எடுத்து வைத்துக்கொண்டு, எதுகை மோனையோடு பாட்டுப் பாடி, அதைக் குத்திக் காட்டினார். கூட்டம் சிரித்தது. அலி வெளுத்த நிறம், ஃபிரேசியர் கன்னங்கரேல். கறுப்பு மனிதனைக் குரங்கு என்று சொன்னவர்கள் யார், எதற்காகச் சொன்னார்கள் என்று அலிக்குத் தெரியாதா? நிறத்தைச் சொல்லிச் செய்யும் கேலி பள்ளிப் பருவத்திலிருந்து எப்படி உள்ளே தங்கிவிடுகிறது என்பது இதைப் படிக்கும் பலருக்கும் தெரியும்.

சண்டை கொடூரமாக நடந்தது. கண் இரண்டும் வீங்கி மூடிப்போன ஃபிரேசியரைப் பதினைந்தாவது சுற்றுக்கு அனுப்ப மறுத்துவிட்டார் பயிற்சியாளர் எட்டி ஃபுச். சண்டை முடிந்ததும் ஃபிரேசியரின் மகன் மார்விஸைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, "நான் சொன்னதெல்லாம் மனசிலிருந்து வரவில்லை என்று உன் அப்பாவிடம் சொல்" என்றார் அலி. ஜெயித்தவர், தோற்றவரின் பிள்ளையிடம் சொல்லி அனுப்புகிறார்! "என்னிடம் வந்து சொல்லட்டும்" என்பதுதான் ஃபிரேசியரின் பதில்.

கவனித்தால் ஒன்று தெரியும். ஹென்றி கூப்பர், ஜார்ஜ் சுவாலோ, ஜெர்ரி குவாரி என்று எத்தனையோ வெள்ளைக்காரர்களோடு அலி மோதியிருக்கிறார். கிண்டல் செய்திருக்கிறார், ஆனால் அவர்களிடம் இந்த வன்மத்தைக் காட்டியதில்லை. வன்மம் முழுக்கக் கறுப்பர்களுக்குத்தான் கிடைத்தது. தன்னை "கிளே" என்று அழைத்த ஃப்ளாயிட் பேட்டர்சனை 1965-இல் சீக்கிரம் முடிக்காமல் பன்னிரண்டாம் சுற்றுவரை இழுத்து இழுத்து அடித்தார். 1967-இல் எர்னி டெரெலை "என் பேர் என்ன? என் பேர் என்ன?" என்று கேட்டுக் கேட்டுப் பதினைந்து சுற்றும் வதைத்தார். பெயரை மதிக்காதது அவர்கள் தப்புதான். அதே பெயரைச் சொல்ல மறுத்த வெள்ளைப் பத்திரிகை ஆசிரியர்களுக்கு வாய்ப்பேச்சோடு விட்டுவிட்டார்.

எலைஜா முகமது செத்த பிறகு அலி மாறிவிட்டார், அதோடு கணக்கு நேராகிவிட்டது என்று சொல்வார்கள். மாறினார், உண்மை. எலைஜாவின் மகன் காட்டிய சன்னி இஸ்லாத்தின் வழியில் போனார். கடைசி வரைக்கும் எல்லா நிறத்தாரோடும் அன்பாகத்தான் இருந்தார். 2009-இல் அயர்லாந்தின் என்னிஸ் ஊருக்குப் போய், தன் அம்மா வழிப் பூட்டன் ஏப் கிரேடி பிறந்த மண்ணைப் பார்த்தார். இனம் கலக்கவே கூடாது என்று சொன்னவரின் ரத்தத்திலேயே ஓர் ஐரிஷ்காரர் இருந்தார். அந்த ஊர் அவரைக் கொண்டாடியது, அவரும் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டார். இதெல்லாம் எனக்குப் பிடித்த அலி. 1980-இல் சென்னை நேரு ஸ்டேடியத்துக்கு வந்து எம்.ஜி.ஆரோடு நின்று படம் எடுத்துக்கொண்டதும் அந்த அலிதான். ஆனால் தேதிகளைப் பாருங்கள். எலைஜா இறந்தது 1975 பிப்ரவரி. ரப்பர் கொரில்லா அதற்குப் பிறகு. "கொல்லப்பட வேண்டும்" என்ற பேட்டியும் அதற்குப் பிறகு. எல்லாப் பழியையும் குருவின் தலையில் கட்டிவிட்டுச் சிஷ்யனை விடுவிக்க அந்த வருஷம் இடம் தரவில்லை.

2001-இல் நியூயார்க் டைம்ஸ் வழியாக ஃபிரேசியரிடம் மன்னிப்புக் கேட்டார் அலி. சூட்டில் சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டேன், எல்லாம் சண்டையை விற்பதற்காகத்தான் என்றார். மன்னிப்புக் கேட்டது பெரிய காரியம். அந்தக் காரணத்தைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. 1971 சண்டைக்கு ஆளுக்கு இருபத்தைந்து லட்சம் டாலர் முன்கூட்டியே உறுதியாகியிருந்தது. தோல்வியே காணாத இரண்டு சாம்பியன்கள் மோதும் சண்டை அது. ஃபிரேசியரை ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்திருந்தாலும் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ஒரு நாற்காலி காலியாக இருந்திருக்காது.