பேரிஜத்தில் டீக்கடை வேண்டாம்

கொடைக்கானல் போய்விட்டு வந்த உறவினர் ஒருவர் பேரிஜம் ஏரியைப் பற்றிப் புலம்பித் தள்ளிவிட்டார். வனத்துறையிடம் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும், ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான் என்று கணக்கு, யானை நடமாட்டம் இருந்தால் பாதையையே மூடிவிடுவார்கள். எல்லாம் தாண்டி உள்ளே போனால் படகு கிடையாது, ஒரு டீக்கடைகூடக் கிடையாதாம். "அப்புறம் எதுக்குய்யா அது டூரிஸ்ட் ஸ்பாட்?" என்கிறார்.

பெரியகுளத்துக்காரர்கள் குடிக்கிற தண்ணீர் அது. ஏரி திண்டுக்கல் மாவட்டத்தில், குடிப்பது தேனி மாவட்டத்தில். அடுத்த மாவட்டத்துக்காரர் குடிக்கிற தண்ணீரின் கரையில் நமக்கு பஜ்ஜிக் கடை வேண்டும் என்று கேட்க ஒரு துணிச்சல் வேண்டும்தான்.

கொடைக்கானல் ஊருக்குள் இருக்கிற நட்சத்திர ஏரியை எல்லோருக்கும் தெரியும். 1863-ல் லெவிஞ்ச் என்ற ஆங்கிலேய அதிகாரி ஓடையை மறித்துக் கட்டியது. அதே சமயத்தில் இந்தப் பக்கம் சுற்றிய மேஜர் டக்ளஸ் ஹாமில்டன், பேரிஜம் சதுப்பைப் பார்த்துவிட்டு, முன்னொரு காலத்தில் இங்கே பெரிய ஏரி இருந்திருக்க வேண்டும் என்று 1864-ல் எழுதினார். பின்னாளில் அங்கேயும் அணை கட்டித் தண்ணீரைத் தேக்கினார்கள். (அந்த இடத்துக்கு ஹாமில்டன் கோட்டை என்று ஒரு பெயர் உண்டு. கோட்டையைத் தேடி அலையாதீர்கள், சுவடுகூட இல்லை.) இரண்டு ஏரிகளுமே சுமார் 60 ஏக்கர். இரண்டுமே மனிதன் கட்டியவை. ஒன்றைச் சுற்றி விடுதி, குதிரைச் சாணம், ஹாரன் சத்தம். இன்னொன்றில் கரை ஈரத்தில் காட்டுமாட்டுக் குளம்புத் தடம், அதில் தேங்கிய தண்ணீரில் தலைப்பிரட்டை. வழியில் வனத்துறை போட்ட ஒரு தடுப்புக் கம்பிதான் வித்தியாசம்.

"காடுதான் தண்ணீரைக் காப்பாற்றுகிறது" என்று எழுதுபவர்களோடும் எனக்கு ஒரு சண்டை உண்டு. பேரிஜம் போகிறவர்கள் நின்று செல்ஃபி எடுப்பது பைன் தோப்பில். பைன், தைலமரம், வாட்டில் என்று எல்லாமே அரசு நட்ட வெளிநாட்டு மரங்கள். வாட்டில் பட்டை தோல் பதனிட உதவும், பைன் மரக்கூழுக்கு ஆகும் என்று புல்வெளியில் நட்டுத் தள்ளினார்கள். உச்சியில் புல், மடிப்புகளில் சோலை என்கிற அடர்காடு, இதுதான் பழனி மலையின் மேல்தட்டு. நாற்பது ஆண்டுகளில் அந்தப் புல்வெளியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டதாகச் செயற்கைக்கோள் படங்களை வைத்து 2018-ல் ஆய்வாளர்கள் கணக்குப் போட்டார்கள். மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஓடைக்கு விடுவது அந்தப் புல்லும் அதன் அடியில் இருக்கிற சதுப்பும்தான். அதே 2018-ல் குறிஞ்சி பூத்தது என்று கூட்டம் கூட்டமாக ஓடினோமே, அந்தக் குறிஞ்சிக்கும் வெயில் படுகிற திறந்த சரிவு வேண்டும். பைன் தோப்புக்குள் நடந்து பாருங்கள். காலடியில் வழுக்குகிற ஊசி இலை மெத்தை, மேலே இருட்டு, ஒரு பறவைச் சத்தம் இருக்காது. பேரிஜம் போகிற வழியில் இருக்கிற மதிகெட்டான் சோலை ஓரத்தில் ஐந்து நிமிடம் நின்றுவிட்டு வந்தால் வித்தியாசம் புரியும்.

சரி, உடனே எல்லாவற்றையும் வெட்டித் தள்ளலாமா? அதுவும் கூடாது. சரிவில் மொத்தமாக வெட்டினால் மண் நேராக ஏரிக்குத்தான் இறங்கும். பழைய வாட்டில் தோப்புகள் சிலவற்றில் சோலை மரக் கன்றுகள் தாமாகவே தலைகாட்டுகின்றன. அங்கே கை வைக்காமல் விடலாம். புல்லுக்குள் புதிதாகப் பரவுகிற பைன், வாட்டில் கன்றுகளை முதலில் பிடுங்கலாம். பொறுமையான வேலை, திறப்பு விழா நடத்த முடியாத வேலை.

அவ்வப்போது கிளம்புகிற இன்னொரு பேச்சு, பேரிஜம் வழியாக மூணாறு போகிற பழைய ரோட்டைத் திறக்க வேண்டும் என்பது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரன் வந்தால் தப்பி ஓடுவதற்கு என்று வெள்ளைக்காரன் வைத்திருந்த பாதை அது. பல பத்தாண்டுகளாகப் பொதுப் போக்குவரத்துக்கு மூடிக் கிடக்கிறது. திறந்தால் இரண்டு ஊர் விடுதிக்காரர்களுக்கும் நல்ல வருமானம், மறுப்பதற்கில்லை. ஆனால் 2013-ல் சரணாலயமாக அறிவித்த காட்டின் நடுவே வண்டி வரிசை நிற்கும். கொடைக்கானலுக்குள் வருகிற வண்டிகளையே கட்டுப்படுத்த நீதிமன்றம் தலையிட்டு 2024 மே மாதம் இ-பாஸ் கொண்டுவந்தது. அந்த நெரிசலை அப்படியே பேரிஜத்துக்குத் தள்ளிவிட ஒரு ரோடு கேட்கிறோம். பெரியகுளத்தில் யாரிடமாவது கேட்டீர்களா?