கடாரத்துக்கு ஒரு ஷாஃப்ட்

(சேலம், ஐந்து ரோடு பக்கம் ஒரு லேத் பட்டறை. சின்னுசாமி கிணற்று மோட்டார் ஷாஃப்ட் ஒன்றைக் கடைந்துகொண்டிருக்கிறார். உருக்காலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ராஜமாணிக்கம் மஞ்சள் பையோடு உள்ளே வருகிறார். மகளையும் மாப்பிள்ளையையும் பார்க்க மலேசியா போய்விட்டு இப்போதுதான் திரும்பியிருக்கிறார். அவர்கள் லங்காவித் தீவுப் பக்கம் ஒரு பாய்மரப் படகில் குடியிருக்கிறார்கள். தெருவில் அதைக் கப்பல் என்றுதான் சொல்கிறார்கள். ராஜமாணிக்கமும் போகும்வரை மறுக்கவில்லை.)

சின்னுசாமி: வாங்கண்ணா, வாங்க! கப்பல்காரர் மாமனார்! முகத்திலேயே தெரிகிறதே, நல்ல ஓய்வு போல.

ராஜமாணிக்கம்: முகம் வெயிலில் கருத்திருக்கிறது தம்பி. ஓய்வெல்லாம் இங்கே திண்ணையில் எடுத்தால்தான் உண்டு.

சின்னுசாமி: சும்மா சொல்லாதீங்க. நீச்சல் குளம், விதவிதமான சாப்பாடு, ராத்திரியானால் பாட்டுக் கச்சேரி...

ராஜமாணிக்கம்: அது டிக்கெட் எடுத்துப் போகிற சொகுசுக் கப்பல். இது நாற்பது அடிப் படகு. நின்றால் தலை இடிக்கும், உட்கார்ந்தால் ஸ்பானர் குத்தும்.

சின்னுசாமி: சமையலுக்கு ஆள், கப்பல் ஓட்ட ஆள், இதெல்லாம்?

ராஜமாணிக்கம்: சமையலுக்கு என் மகள். ஓட்ட மாப்பிள்ளை. கழிவறைப் பிரிவுக்குத் தலைமைப் பொறியாளரும் மாப்பிள்ளைதான்.

சின்னுசாமி: கழிவறைக்கு எதற்குப் பொறியாளர்?

ராஜமாணிக்கம்: கடல் தண்ணீரைக் கைப்பம்பில் அடித்துத்தான் ஃப்ளஷ் செய்ய வேண்டும். கடல் தண்ணீரும் சிறுநீரும் சேர்ந்தால் ஹோஸுக்குள் உப்புக்கல் படியும். ஒன்றரை அங்குல ஹோஸ், நாளாக நாளாகப் பென்சில்தான் நுழையும் என்கிற நிலைமைக்கு வந்துவிடும்.

சின்னுசாமி: ஆசிட் ஊற்றலாமே?

ராஜமாணிக்கம்: அப்பப்ப வினிகர் ஊற்றுகிறார்கள். மிஞ்சிப்போனால் ஹோஸையே கழற்ற வேண்டியதுதான். மாப்பிள்ளை பெங்களூரில் சாஃப்ட்வேர் டீம் லீடராக இருந்தவர். பெண் பார்க்க வந்த அன்று காபி டம்ளரைக்கூடத் தானாக நகர்த்தி வைக்கவில்லை. அந்த மனிதர் ஹோஸைத் தோளில் போட்டுக்கொண்டு படகுத்துறைக்குப் போய், வேட்டி துவைக்கிற மாதிரி கான்கிரீட்டில் ஓங்கி ஓங்கி அடிக்கிறார். உள்ளேயிருந்து வெள்ளை வெள்ளையாகக் கட்டி உதிர்கிறது.

சின்னுசாமி: ஐயோ! பக்கத்துப் படகுக்காரர்கள் பார்த்துச் சிரித்திருப்பார்களே?

ராஜமாணிக்கம்: சிரிப்பதாவது! பக்கத்துப் பிரெஞ்சுக்காரர் தன் ஹோஸையும் கழற்றிக்கொண்டு வந்துவிட்டார். இரண்டு பேரும் மாற்றி மாற்றி அடித்தார்கள். நான் காற்று வீசாத பக்கமாக நின்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

சின்னுசாமி: சரி, ஊர் எப்படி? அழகு என்கிறார்களே.

ராஜமாணிக்கம்: அழகுதான். மலையும் கடலும் அப்படியே நிற்கிறது. வரியில்லாத தீவு வேறு. ஆனால் படகில் இருக்கிறவர்கள் அண்ணாந்து மலையைப் பார்ப்பதில்லை, குனிந்து என்ஜினைத்தான் பார்க்கிறார்கள். அது கெடா மாநிலம் தம்பி. நம்ம கடாரம்!

சின்னுசாமி: ராஜேந்திர சோழன் போனானே, அந்தக் கடாரமா?

ராஜமாணிக்கம்: அதேதான், 1025-இல். அவன் புகழைச் சொல்கிற கல்வெட்டு மெய்க்கீர்த்தியில் பிடித்த ஊர்ப் பெயரெல்லாம் வரிசையாக இருக்கிறது. வழியில் எத்தனை இடத்தில் கப்பலை ஓரம் கட்டி ரிப்பேர் பார்த்தான் என்பது மட்டும் இல்லை.

சின்னுசாமி: ராஜா எங்கே பார்த்திருப்பார், ஆசாரி பார்த்திருப்பார். ஆசாரிக்கு யார் கல்வெட்டு வைப்பார்கள்? (லேத்தை நிறுத்துகிறார். இந்த வருத்தம் அவருக்கு ரொம்ப நாளாக உண்டு.) பையில் என்ன?

(ராஜமாணிக்கம் எண்ணெய்த் துணியைப் பிரித்து ஒரு சின்ன ஷாஃப்டை எடுத்து நீட்டுகிறார். சின்னுசாமி வெளிச்சத்தில் பிடித்து, கட்டைவிரல் நகத்தால் மெல்ல வருடுகிறார். ஓரிடத்தில் நகம் மாட்டுகிறது.)

சின்னுசாமி: ஆயில் சீல் உட்கார்ந்த இடத்தில் பள்ளம் விழுந்திருக்கிறது. புது சீல் போட்டாலும் ஒழுகுமே.

ராஜமாணிக்கம்: ஒழுகுகிறது. கடல் தண்ணீர் பம்ப். உப்புத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுந்து பக்கத்துப் பேரிங்கையும் தின்றுவிட்டது. அங்கே என்ஜினை ஸ்டார்ட் செய்ததும் யாரும் முன்னால் பார்ப்பதில்லை. பின்பக்கம் ஓடிப்போய்க் குனிகிறார்கள்.

சின்னுசாமி: கும்பிடவா?

ராஜமாணிக்கம்: சைலன்சரில் தண்ணீர் வருகிறதா என்று பார்க்க. பம்ப் கடல் தண்ணீரை உறிஞ்சும், அது என்ஜின் சூட்டை வாங்கிக்கொண்டு புகையோடு வெளியே வரும். வராவிட்டால் உடனே நிறுத்தியாக வேண்டும். ஒரு நாள் பிளாஸ்டிக் பை ஒன்று வந்து உறிஞ்சுகிற வாயை அடைத்துவிட்டது. பம்புக்குள் சுற்றித் தண்ணீரைத் தள்ளுகிற ரப்பர் இம்பெல்லர், தண்ணீர் இல்லாமல் சுற்றினால் தாங்குமா? ஆறு இதழில் மூன்று பிய்ந்து போச்சு.

சின்னுசாமி: புதுசு போட்டால் தீர்ந்தது.

ராஜமாணிக்கம்: தீராது. பிய்ந்த மூன்று துண்டும் கைக்கு வர வேண்டும். இல்லாவிட்டால் என்ஜின் சூட்டை வாங்குகிற ஹீட் எக்ஸ்சேஞ்சரில் போய் அடைத்துக்கொள்ளும். இரண்டு கிடைத்தது. மூன்றாவதற்காகப் பாதி என்ஜினைக் கழற்றிவிட்டார்.

சின்னுசாமி: கிடைத்ததா?

ராஜமாணிக்கம்: சாயங்காலம் பார்த்தால் என் செருப்புக்கு அடியில் ஒட்டியிருக்கிறது. பம்பைத் திறந்தபோதே வெளியே விழுந்திருக்கிறது. நான் வாயே திறக்கவில்லை. காலால் மெதுவாக என்ஜின் பக்கம் தள்ளி, "மாப்பிள்ளை, அங்கே ஏதோ கருப்பாகத் தெரிகிறதே" என்றேன்.

சின்னுசாமி: பெண்ணைக் கொடுத்தவர் செய்கிற வேலையா இது?

ராஜமாணிக்கம்: "மாமாவுக்கு என்ன கண்ணு!" என்று மகளிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். விடு.

சின்னுசாமி: இருந்தாலும் அண்ணா, இந்தத் துக்கடா ஷாஃப்டைச் சேலம்வரை தூக்கி வர வேண்டுமா? அங்கே கிடைக்காதா?

ராஜமாணிக்கம்: வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும். பார்சல் வர வேண்டும், கஸ்டம்ஸ் விட வேண்டும். அதுவரை என்ஜின் இல்லை. விலையைக் கேட்ட மாப்பிள்ளை ஒரு மணி நேரம் பேசவில்லை. நான்தான், எங்கள் ஊரில் ஒரு சின்னுசாமி இருக்கிறான் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

சின்னுசாமி: (உச்சி குளிர்ந்து) அதற்கென்ன, நல்ல எவர்சில்வரில் போட்டுத் தருகிறேன். நம்ம ஊர்ச் சரக்கு, ஜென்மத்துக்கும் துரு பிடிக்காது.

ராஜமாணிக்கம்: எந்த கிரேடு?

சின்னுசாமி: 304. வேறென்ன?

ராஜமாணிக்கம்: வேண்டாம். 304-இல் குரோமியம் 18, நிக்கல் 8. சாம்பார் வாளிக்கு அது போதும். கடல் உப்பில் பழுப்புத் தட்டி, இடுக்கில் குழி விழும். 316 வேண்டும். அதில் 2 சதவீதத்துக்கு மேல் மாலிப்டினம் இருக்கும், அதுதான் உப்பைத் தாங்கும்.

சின்னுசாமி: (மனம் புண்பட்டு) எங்கள் கல்யாணத்துக்கு வந்த குடம் இன்னும் பளபளவென்று இருக்கிறது.

ராஜமாணிக்கம்: அந்தக் குடத்தைக் கடலுக்குள் கட்டித் தொங்கவிட்டீர்களா?

சின்னுசாமி: விடலாம் என்று சில நாள் தோன்றியிருக்கிறது. சரி, 316 ராடு கடையில் வாங்கலாம். அவன் 304-ஐக் கொடுத்து 316 என்றால்? காந்தம் வைத்துப் பார்க்கட்டுமா?

ராஜமாணிக்கம்: காந்தம் இரண்டிலும் ஒட்டாது. சொட்டு மருந்து விட்டுப் பார்க்கிற மாலி டெஸ்ட் இருக்கிறது. நான் கூடவே வருகிறேன். ஓய்வு பெற்றவனுக்கு வேறென்ன வேலை.

சின்னுசாமி: இவ்வளவு தொல்லையா! அப்போ மற்ற இரும்பெல்லாம் என்ன ஆகும்?

ராஜமாணிக்கம்: அதற்குத்தான் பலி கொடுக்கிறார்கள்.

சின்னுசாமி: படகிலா? கிடாவா, சேவலா?

ராஜமாணிக்கம்: துத்தநாகம். வெண்கல புரொப்பெல்லர், எஃகு ஷாஃப்ட், நடுவில் உப்புத் தண்ணீர். மூன்றும் சேர்ந்தால் பேட்டரி ஆகிவிடும், உலோகம் கரையும். ஷாஃப்டில் ஒரு துத்தநாகக் கட்டியை மாட்டிவிட்டால் அது தான் கரைந்து மற்றதைக் காப்பாற்றும். பாதி கரைந்ததும் வேறு மாற்றுவார்கள்.

சின்னுசாமி: புரிகிறது. எங்கள் வீட்டில் அந்தப் பதவியில் நான் இருக்கிறேன். ஏற்காட்டு ஏரியில் படகு விட்டாலும் இதுதானா?

ராஜமாணிக்கம்: நன்னீருக்கு மெக்னீசியம்தான் சரி.

சின்னுசாமி: அட, அதைத்தான் மலையடிவாரத்தில் வெட்டி எடுக்கிறோமே!

ராஜமாணிக்கம்: அது மேக்னசைட். உலைக்குள் பதிக்கிற செங்கல்லுக்குப் போகிறது. உடனே குத்தகைக்குக் கிளம்பாதே.

சின்னுசாமி: பாப்பா சந்தோஷமாக இருக்கிறதா? அதைச் சொல்லுங்க முதலில்.

ராஜமாணிக்கம்: இருக்கிறாள். ஆனால் ரொம்பக் கறார். ஆசையாகத் தட்டுவடையும் ஜவ்வரிசியும் அட்டைப்பெட்டியில் கட்டி எடுத்துப் போனேன். "அப்பா, அங்கேயே நில்லுங்க" என்று படகுத்துறையிலேயே நிறுத்திவிட்டாள். அட்டை மடிப்பில் கரப்பான் முட்டை இருக்குமாம். படகுக்குள் ஒரு தடவை ஏறிவிட்டால் அப்புறம் இறங்காதாம். எல்லாவற்றையும் டப்பாவில் கொட்டி, அட்டையைக் குப்பையில் போட்ட பிறகுதான் என்னை ஏற்றினாள். என் செருப்பையும் தட்டிப் பார்த்தாள்.

சின்னுசாமி: முட்டை என்றதும் ஞாபகம் வருகிறது. ஃப்ரிட்ஜ் உண்டா?

ராஜமாணிக்கம்: உண்டு, எனக்குத் தெரிந்து ஓடியதில்லை. ஃப்ரிட்ஜில் வைக்காத முட்டையாகப் பார்த்து வாங்கி, இரண்டு மூன்று நாளுக்கொரு முறை புரட்டிப் புரட்டி வைக்கிறார்கள். கரு ஒரு பக்கம் ஒட்டாமல் இருந்தால் வாரக்கணக்கில் தாங்கும். அந்த வேலை எனக்கு. நாமக்கல் பக்கத்து ஊர்க்காரர் என்று தகுதி பார்த்துக் கொடுத்தார்கள்.

சின்னுசாமி: (ஷாஃப்டை வெர்னியரில் வைத்து அளந்துகொண்டே) தினம் ரிப்பேர். பக்கத்திலும் ரிப்பேர்காரர்கள். கைமாற்றாக ஸ்பானர். வாடிக்கையாளர் வந்து "இன்றைக்கே வேண்டும்" என்று கத்த மாட்டார். அண்ணா, எனக்கு அங்கே ஒரு வேலை இருக்குமா?

ராஜமாணிக்கம்: உன் பெயரைச் சொன்னதும் அந்தப் பிரெஞ்சுக்காரரே, எப்போது வருவார் என்று கேட்டார். முதலில் இதை முடி. மூன்று போடு.

சின்னுசாமி: மூன்றா? ஒன்று மாட்ட, ஒன்று ஸ்பேர். மூன்றாவது?

ராஜமாணிக்கம்: அது கடலில் விழ. இங்கே கை நழுவினால் பெஞ்சுக்கு அடியில் தேடலாம். அங்கே மேலே நடக்கிற ரிப்பேரில் நட்டு, போல்ட்டு, ஸ்க்ரூ டிரைவர் எல்லாம் முதலில் கடலுக்குத்தான் போகும். மாப்பிள்ளையின் மூக்குக் கண்ணாடியே போய்விட்டது.

சின்னுசாமி: அப்போ அந்த மூன்றாவதைச் சும்மா இரும்பில் போட்டால் போதாதா? விழத்தானே போகிறது. காசு மிச்சம்.

ராஜமாணிக்கம்: எது விழும் என்று விழுந்த பிறகுதானே தெரியும்? மூன்றும் 316-லேயே போடு. பில்லை மட்டும் 304 ரேட்டுக்குப் போடு.