சுருள் வாசித்து வென்றதும் வெற்றிதான்

போன சனிக்கிழமை ராத்திரி லைவில் என்ன நடந்தது என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். முழுக்கதையையும் திரும்பச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பால்டர்ஸ் கேட் 3 விளையாட்டில், மூன்ரைஸ் கோபுரத்துக்குக் கீழே மைர்குல் என்ற பெரிய எதிரியோடு நாலு பேரும் மாரடித்துக்கொண்டிருந்தோம், ஹானர் மோட், சேவ் ஒன்றுதான், பழையதை லோட் பண்ண வழியில்லை, நாலு பேரும் விழுந்தால் அதோடு சரி. அந்த நேரம் பார்த்து, மந்திரத்தால் காயம் ஆற்றுகிற கிளெரிக் செத்துப் போனது. என்னுடைய ஃபைட்டர், வாள் பிடிக்க மட்டும் தெரிந்தவன், பையிலிருந்து செத்தவரை எழுப்புகிற ரிவிவிஃபை மந்திரச் சுருளை எடுத்து வாசித்துக் கிளெரிக்கை எழுப்பியது, அதுக்குப் பிறகுதான் சண்டை எங்கள் பக்கம் திரும்பியது. வீடியோ இருக்கிறது, யாரும் போய்ப் பார்க்கலாம்.

அது முடிந்த கையோடு, இன்னும் எல்லாரும் லைனில் இருக்கும்போதே, எங்கள் நாலு பேரில் ஒருத்தனான நம்ம ஆள் சிரித்துக்கொண்டு சொன்னது: "மச்சான், ஸ்க்ரோலை வாசிச்சு வெண்டதெல்லாம் ஒரு வெற்றியா? அது ஏலாதவனுக்கு வச்ச சாமான். விளையாடத் தெரிஞ்சவன் அதை வித்துக் காசாக்குவான்."

கீழே கொமெண்டில் சிரிப்பு வரிசை கட்டி நின்றது. நான் ஒன்றும் கதைக்கவில்லை. இப்போது கதைக்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மந்திரச் சுருள் ஏலாதவனுக்கு வைத்த சாமான் என்பது சரி. அதுக்காகத்தான் அது இருக்கிறது. மந்திரம் தெரியாத ஒருத்தனுக்கு, மந்திரம் தெரிந்தவன் விழுந்து கிடக்கிற நேரத்தில், ஒரே ஒரு தடவை அந்த மந்திரத்தைக் கையில் கொடுப்பதுதான் அதன் வேலை. அதை நீ பகிடி பண்ணுகிறாய் என்றால், நீ இத்தனை காலம் விளையாடியும் அந்தச் சாமான் என்ன என்றே உனக்கு விளங்கவில்லை. முகாமில் விதர்ஸ் 200 தங்கம் வாங்கிக்கொண்டு செத்தவரை எழுப்பித் தருவான், ஓம், தெரியும். ஆனால் விதர்ஸ் முகாமில் நிற்கிறான், மைர்குல் முன்னால் நிற்கிறது. அந்த இடத்தில் பையில் சுருள் இருந்தது. அதை முன்கூட்டியே நினைத்து, வாங்கி, விற்காமல் வைத்திருந்தவன் நான். இது விளையாடத் தெரியாதவன் செய்கிற வேலையா?

சுருள் என்பது நேற்றுப் பெய்த மழைக்கு இன்று முளைத்ததும் இல்லை. 1980இல் வந்த ரோக் விளையாட்டிலேயே சுருள் இருக்கிறது. 1987இல் வந்த நெட்ஹாக்கில் ஒவ்வொரு தடவையும் சுருளின் மேல் அர்த்தமில்லாத ஒரு பெயர் எழுதியிருக்கும், அடுத்த ஆட்டத்தில் அந்தப் பெயர் மாறிவிடும், எது எந்த மந்திரம் என்று கடைக்காரன் சொல்கிற விலையை வைத்துக் கணக்குப் போட்டுத்தான் பிடிக்க வேண்டும். அதில் ஸ்கேர் மான்ஸ்டர் என்று ஒரு சுருள். அதை வாசிக்கவே தேவையில்லை, நிலத்தில் போட்டுவிட்டு அதுக்கு மேலே ஏறி நின்றால் போதும், பெரும்பாலான பிசாசுகள் கிட்ட வந்து கை வைக்காது. சிலதுக்கு மட்டும் அது எடுபடாது. சரி, பாதுகாப்பாக இருக்கிறதே என்று அதைப் போடுவதும் எடுப்பதுமாக இருந்தாயோ, இரண்டாம் முறை எடுக்கும்போது தூசாகிப் போய்விடும். எப்போது போடுவது, எங்கே போடுவது என்று தெரியாதவன் கையில் அது வெறும் தாள். இதில் கெட்டித்தனம் இல்லை என்று எந்த வாயால் சொல்வது?

நான் டயப்லோ 2 விளையாடத் தொடங்கியது மட்டக்களப்பு டவுனில் இருந்த ஒரு நெற் கபேயில். ரியூசன் முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில், பஸ் காசைக் கொண்டுபோய் அங்கே கொடுத்துவிட்டு, கல்லடிக்கு நடந்தே பாலம் ஏறிப் போன காலம். பழைய பாலம்தான் அப்போது, புதுப்பாலம் வரவில்லை. அந்தக் கடையில் எங்களைவிடப் பெரிய ஒரு அண்ணன் விளையாடுவார், யாரோடும் அதிகம் கதைக்க மாட்டார், ஆனால் எங்களில் யாராவது விளையாட்டில் பாஸ், அதாவது பெரிய எதிரி, இருக்கிற அறைக் கதவைத் திறக்கப் போனால் மட்டும் திரும்பிப் பார்த்து "முதல்ல போர்ட்டலத் திறங்கடா" என்பார். போர்ட்டல் என்பது சுருளை வாசித்தால் ஊருக்குத் திறக்கிற வழி. கதவுக்கு வெளியே நீலநிறத்தில் அந்த வட்டம் சுழன்றுகொண்டிருக்கும், அதைத் திறந்து வைத்துவிட்டுத்தான் உள்ளே போவது. அந்த விளையாட்டில் செத்தால் போட்டிருந்த கவசம் வாள் எல்லாம் பிணத்தோடு அங்கேயே கிடக்கும், வெறுங்கையோடு ஊரிலிருந்து ஓடிவர வேண்டும். அந்த வட்டம் இருந்தால் வந்து எடுக்கலாம். இல்லாவிட்டால் அரை மணித்தியாலம் போச்சு, கடைக்காரர் நேரம் முடிந்தது என்று எழுப்பிவிடுவார். ஒரு டோமில், அதாவது சுருள் சேர்த்து வைக்கிற புத்தகத்தில், 20 சுருள் பிடிக்கும், 20உம் இருக்கிறதா என்று பார்த்துத்தான் அந்த அண்ணன் ஊரை விட்டே வெளிக்கிடுவார். அவரை யாராவது ஏலாதவர் என்று சொல்லியிருந்தால் கடையில் இருந்த அத்தனை பேரும் எழும்பிச் சண்டைக்குப் போயிருப்போம்.

2012இல் டயப்லோ 3 வந்தபோது அந்தச் சுருளை எடுத்துவிட்டார்கள். ஒரு பட்டனை அழுத்திக் கொஞ்சம் பொறுத்தால் ஊருக்குப் போகலாம், எண்ணி வைக்கத் தேவையில்லை, முடிந்துபோகும் என்ற பயமும் இல்லை. வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் கதவுக்கு முன்னால் நின்று யோசிக்கிற அந்த ஒரு நிமிஷம் போய்விட்டது. எனக்கு அது கவலை.

இனி, எனக்குத் தெரியும் என்னென்ன சொல்லுவீர்கள் என்று.

"ஃபைட்டருக்கு இன்டெலிஜென்ஸ் இல்லை, அவன் சுருள் வாசித்தால் எதிரி லேசாகத் தப்பிவிடுவான்." ஓம், சரி. அதனால்தான் நான் என் ஃபைட்டர் கையில் எதிரியை அசையாமல் பிடித்து வைக்கிற ஹோல்ட் பர்சன் கொடுப்பதில்லை. மேஜிக் மிசைல் தவறவே தவறாது, அதுக்கு யாருடைய மூளையும் தேவையில்லை. நின்ற இடத்தில் மறைந்து வேறிடத்தில் தோன்றுகிற மிஸ்டி ஸ்டெப்பில் நான் போகிற இடத்துக்கு எதிரியின் அனுமதி வேண்டாம். ரிவிவிஃபை செய்கிறபோது செத்துக் கிடக்கிறவர் எதிர்த்துப் போராடப் போவதில்லை. குளோப் ஆஃப் இன்வல்னரபிலிட்டி ஒரு சுருள் இருந்தால், அந்த வட்டத்துக்குள் நிற்கிற எல்லாருக்கும் மூன்று சுற்றுக்கு அடியே விழாது. யார் கையில் எதைக் கொடுப்பது என்று பார்த்துக் கொடுப்பதும் விளையாட்டுத்தான்.

"ஸ்கைரிமில் சுருள் வாசித்தால் ஸ்கில் ஏறாது." ஏறாதுதான். மந்திரம் போடத் தேவைப்படுகிற மாஜிக்காவும் செலவாகாது. அடுத்தது.

"கடைசியில் எல்லாரும் பாவிக்காமல் பை நிறைய வைத்துக்கொண்டுதானே விளையாட்டை முடிக்கிறீர்கள்." இது அவரவர் பழக்கம், சுருளின் குற்றம் இல்லை. வீட்டில் நல்ல சாமானை எல்லாம் அலுமாரியில் பூட்டி வைக்கிறவர்கள் வளர்த்த பிள்ளைகள் நாங்கள், அதனால் கை போகாது, அது எனக்கு விளங்கும். ஆனால் நான் பாவித்தேனே! பாவித்ததுக்குத்தானே இந்தச் சிரிப்பு! பாவிக்காவிட்டால் கஞ்சன், பாவித்தால் ஏலாதவன். எந்தப் பக்கம் போனாலும் அடியா?

"விசார்ட் படித்துக்கொள்ள வேண்டியதை நீ வாசித்து அழிக்கிறாய்" என்றும் ஒருவர் எழுதியிருந்தார். மந்திரம் படிக்கிற விசார்டுக்கு, மந்திரத்தின் ஒரு மட்டத்துக்கு 50 தங்கம் கொடுத்துச் சுருளில் உள்ளதைத் தன் புத்தகத்தில் எழுதிக்கொள்ள வசதி இருக்கிறது, நல்ல விஷயம்தான், எங்கள் கூட்டத்தில் விசார்டே இல்லை என்பதைப் பார்த்துவிட்டு எழுதியிருக்கலாம்.

மொரோவிண்ட் விளையாடியவர்களுக்கு நினைவிருக்கும். செய்டா நீன் ஊரை விட்டு வெளியே நடந்தால் மேலேயிருந்து அலறிக்கொண்டு ஒரு மந்திரவாதி தொப்பென்று விழுந்து சாவான். அவன் உடம்பில் மூன்று சுருள். அதில் ஒன்றை வாசித்துக் குதித்தால் மேகத்துக்குள் போவாய், குதிக்கிற திறனான அக்ரோபாட்டிக்ஸ் 1000 புள்ளி கூடும், ஆனால் 7 வினாடிக்குத்தான். இறங்கும்போது அது முடிந்திருக்கும், அவனைப் போலவே நீயும் சாவாய். நிலத்தைத் தொடுவதற்குச் சற்று முன் இரண்டாவது சுருளை வாசித்தவன் மட்டும்தான் காலூன்றி நிற்பான். கண்டுபிடித்தவனே செத்துக் கிடக்கிறான், மந்திரம் ஒரு சொல்லும் தெரியாத ஒருத்தன் அதே சுருளை வைத்துத் தீவின் அந்தப் பக்கம் போய் இறங்குகிறான்! ஏலாதவன் யார் இதில்?

பால்டர்ஸ் கேட் 2இல் காங்காக்ஸ் என்ற எதிரியை எத்தனை பேர் எப்படிக் கொன்றார்கள் என்று பழைய ஆட்களைக் கேட்டுப் பாருங்கள். அவன் இம்பிரிசன்மென்ட் போட்டு நிலத்துக்குள் புதைத்துவிடுவான், நம் தலைவன் மாட்டினால் அதோடு ஆட்டம் சரி. அவனைப் போலச் செத்தும் அடங்காதவர்களிடமிருந்து காக்கிற அன்டெட் பாதுகாப்புச் சுருளை வாசித்துவிட்டுக் கிட்டப் போனால் அவனால் ஒன்றும் செய்ய ஏலாது. ஃபைட்டர், திருடன், விசார்ட் என்று எந்த வகுப்பும் அதை வாசிக்கலாம். அப்படிக் கொன்றதாக அந்தக் காலத்தில் பெருமையாகச் சொல்லித் திரிந்தவர்களில் ஒருவர்தான் சனிக்கிழமை சிரித்தவர். பெயர் சொல்லவில்லை.

மந்திரத்துக்குப் பேர் போன ஊர் நம்முடையது. மட்டக்களப்புக்குப் போனால் பாயோடு ஒட்ட வைத்துவிடுவார்கள் என்று வெளியூர் ஆட்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள். சின்ன வயதில் நான் ராத்திரியில் பயந்து அலறி எழும்புகிறேன் என்று அம்மாச்சி என்னைக் கூட்டிக்கொண்டு போய், மந்திரிக்கிற கட்டாடியார் ஒருவரிடம் அச்சரக்கூடு கட்டுவித்தார். செப்புத் தகட்டில் ஆணியால் ஏதோ கீறினார், நகம் தேய்ந்த விரலால் அதை இறுக்கிச் சுருட்டினார், கூட்டுக்குள் தள்ளி மெழுகு வைத்து அடைத்தார், கறுப்பு நூலில் கோர்த்து இடுப்பில் கட்டிவிட்டார். நான் நித்திரை கொண்டேன். அது தகட்டின் வேலையா, அம்மாச்சி பக்கத்தில் படுத்ததன் வேலையா என்பது வேறு கதை. ஆனால் அந்தப் பிள்ளைக்கு மந்திரம் தெரியுமா, முறையாகப் படித்ததா, இதைக் கட்டத் தகுதி இருக்கிறதா என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. பயந்த பிள்ளைக்கு வேணும், கொடுத்தார்கள். சுருளும் அதுதான். தெரிந்தவர் எழுதி வைப்பது, தெரியாதவருக்குத் தேவைப்படுகிற நேரத்தில் உதவுவதுக்கு.

பால்டர்ஸ் கேட்டுக்கு அடிப்படையான டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) விளையாட்டின் பழைய சட்டத்தில் திருடன்கூட 10ஆம் மட்டத்துக்கு வந்தால்தான் மந்திரச் சுருள் வாசிக்கலாம், அதிலும் நூற்றுக்கு 25 தடவை பிழையாகிப் போகும். இப்போதைய ஐந்தாம் பதிப்பிலும் உன் வகுப்புக்கு உரிய மந்திரமாக இருக்க வேண்டும். லேரியன் 2023இல் பால்டர்ஸ் கேட் 3ஐ வெளியிட்டபோது அதைத் தளர்த்தி, யாரும் வாசிக்கலாம் என்று விட்டார்கள். செய்தவர்களே கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள். வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்துகொண்டு நீ யார் எங்களை மறிக்க?

எல்லாருக்கும் உன்னளவு நேரம் இல்லை என்பதையும் சொல்லத்தான் வேணும். நான் வேலை முடிந்து வந்து, பிள்ளைகள் படுத்த பிறகு, மனுசி முகம் சுளிக்காத அளவுக்கு விளையாடுகிறவன். 2022இல் கரண்ட் மணிக்கணக்காக நின்ற காலத்தில் லேப்டாப்பின் பற்றரியைப் பார்த்துப் பார்த்து விளையாடியவன். நாலு வகுப்பையும் கரைத்துக் குடித்து, எந்த மட்டத்தில் எந்த மந்திரம் என்று மனப்பாடம் பண்ண எனக்கு வழியில்லை. எனக்கு ஒரு ஃபைட்டரைத் தெரியும், அவனுடைய பையைத் தெரியும். அந்தப் பையை நான் நேர்த்தியாக வைத்திருப்பேன். அதைத்தான் நீ லைவில் எல்லாருக்கும் முன்னால் பகிடி பண்ணினாய்.

சும்மா பகிடிக்குச் சொன்னதுக்கு இவ்வளவு நீட்டுவதா என்று கேட்பீர்கள். கேளுங்கள். ஓ.எல். பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருக்கிற என் மருமகன் அந்த லைவைப் பார்த்துக்கொண்டிருந்தான். போன மாதம்தான் அவனுக்கு விளையாட்டை எடுத்துக் கொடுத்தேன், மந்திர லிஸ்டைப் பார்த்துப் பயந்து அவனும் ஃபைட்டர்தான் எடுத்தான், சுருள் எப்படிப் பாவிப்பது என்று நான்தான் பக்கத்தில் இருந்து காட்டினேன். ஞாயிறு காலையில் வந்து கேட்கிறான், "மாமா, அப்ப நீங்க களவா வெண்டீங்க?" நான் இல்லையென்றேன். அவன் நம்பினானா என்று எனக்குத் தெரியாது. பின்னேரம் அவன் விளையாட்டைத் திறந்து பார்த்தால் பையில் இருந்த சுருள் அத்தனையையும் எமரால்ட் குரோவில் விற்றிருக்கிறான்.

அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. என்னைச் சொன்னால் நான் தாங்குவேன். மச்சான், இந்த விளையாட்டை உனக்கு யார் காட்டித் தந்தது? முதல் கிழமை நீ கோப்ளின் முகாமில் செத்துச் செத்து எழும்பியபோது யாருடைய சுருளில் எழும்பினாய்? அதை நான் அப்போது எங்கேயும் சொன்னேனா? யாராவது சிரித்தார்களா?

வருகிற சனிக்கிழமையும் ஆட்டம் இருக்கிறது. நான் வருவேன், அதே ஃபைட்டர், அதே பை. விளையாட்டில் வருகிற ரஃபேலின் வீட்டுக்குப் போவதென்றால் குளோப் சுருள் தேவைப்படும், என்னிடம் இருக்கிறது, வட்டத்துக்குள் நாலு பேருக்கும் இடம் உண்டு, உனக்கும்தான். ஆனால் தொடங்குவதற்கு முதல், லைவ் ஓடிக்கொண்டிருக்கும்போதே, அந்த "ஏலாதவன்" என்ற சொல்லை நீ திருப்பி எடுக்க வேணும். எனக்குத் தனியாக மெசேஜ் போட்டுச் சொல்ல வேண்டாம். மருமகன் பார்த்துக்கொண்டிருப்பான்.