10 டாலரில் ‘ஹாமில்டன்’: ஏமாற்று இல்லை

நியூயார்க் போகிறவர்களிடையே வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது: “நாடக அரங்குகள் நிறைந்த பிராட்வேயில் ‘ஹாமில்டன்’ இசை நாடகத்துக்கு 10 டாலர் டிக்கெட் என்பதே ஏமாற்று வேலை.” இது தவறு.

10 டாலர் டிக்கெட்டைக் குலுக்கல் முறையில் தருகிறார்கள்; அந்தக் குலுக்கல் உண்மையானது. அமெரிக்காவின் 10 டாலர் நோட்டில் இருப்பவர் இந்த நாடகத்தின் நாயகன் அலெக்சாண்டர் ஹாமில்டன். விலை அங்கிருந்துதான் வந்தது, எவ்வளவு அழகான யோசனை! நாடகத்தின் அதிகாரப்பூர்வ செயலியில் பெயர் கொடுக்கக் காசு கிடையாது. பெயர் விழுந்தால் மட்டும் பணம் கட்டி அதிகபட்சம் 2 டிக்கெட் வாங்கலாம். பெயர் கொடுக்கவே யாராவது பணம் கேட்டால், அதுதான் ஏமாற்று.

சரி, பெரும்பாலானோருக்குப் பெயர் விழாது. அப்புறம்? டைம்ஸ் சதுக்கத்தின் சிவப்புப் படிக்கட்டுக்குக் கீழே ‘டிகேடிஎஸ்’ கவுன்டர் இருக்கிறது. வேறு பல நாடகங்களின் அன்றைய காட்சிக்குப் பாதி விலை வரை தள்ளுபடி தருகிறார்கள்.