பாஸ்வேர்டை மறந்தால் என்ன ஆகும்? மெயில் நிறுவனத்திடம் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்

2025 அக்டோபரில் அமித் ஷா இந்திய நிறுவனமான ஜோஹோவின் மெயிலுக்கு மாறிவிட்டதாக அறிவித்தார். மத்திய அரசு ஊழியர்கள் சுமார் 12 லட்சம் பேரின் மெயிலும் ஜோஹோ தளத்துக்குப் போயிருக்கிறது. அதிலிருந்து ‘நாமும் மாறணுமா, மாறினால் ஜோஹோவா, சுவிட்சர்லாந்தின் புரோட்டான் மெயிலா’ என்ற பேச்சு ஓயவில்லை. இதில் பெரும்பாலோர் பிரைவசியையும் செக்யூரிட்டியையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். உங்கள் மெயிலை அந்த நிறுவனமே படிக்க முடியுமா என்பது பிரைவசி. திருடன் உள்ளே நுழைய முடியுமா, நீங்களே உள்ளே போக முடியாமல் வெளியே நிற்க வேண்டி வருமா என்பது செக்யூரிட்டி. இரண்டும் எப்போதும் சேர்ந்து ஏறுவதில்லை. ஒன்றைக் கூட்டப் போய் மற்றதைக் குறைத்துக்கொள்பவர்கள்தான் அதிகம்.

எந்த நிறுவனமாக இருந்தாலும் ஒரு கேள்வி போதும். பாஸ்வேர்டை மறந்துவிட்டு ரீசெட் செய்தால் பழைய மெயில்கள் அப்படியே கிடைக்குமா? கிடைக்கும் என்றால், அவற்றைத் திறக்கும் சாவி நிறுவனத்திடமும் இருக்கிறது என்று பொருள். ஜிமெயில், அவுட்லுக், யாஹூ, ஜோஹோ நான்கும் இந்த வகைதான். ‘எல்லாம் என்கிரிப்ட் செய்யப்பட்டிருக்கிறது’ என்று அவர்கள் சொல்வது பொய்யில்லை. ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிக்கொண்டு போகிறவனுக்கு எதிரான பூட்டு அது. கோர்ட் உத்தரவோடு வருகிறவருக்கு நிறுவனமே திறந்து கொடுக்கும்.

புரோட்டான் மெயிலில் கதை வேறு. எஸ்எம்எஸ் வழியாக ரீசெட் செய்தால் கணக்குக்குள் போய்விடலாம், ஆனால் பழைய மெயில்கள் பூட்டியே கிடக்கும். 12 சொற்கள் கொண்ட ரிக்கவரி ஃபிரேஸ், ரிக்கவரி ஃபைல் போன்ற ஏதாவது ஒரு வழியை முன்கூட்டியே ஏற்பாடு செய்து வைத்திருந்தால்தான் திறக்கும். இதே வகையைச் சேர்ந்த ஜெர்மன் மெயில் சேவையான டூட்டாவில் பாஸ்வேர்டும் ரிக்கவரி கோடும் சேர்ந்து தொலைந்தால் கணக்கே போய்விடும். கஸ்டமர் கேரில் அழுதாலும் பயனில்லை, அவர்களிடம் சாவியே கிடையாது. இதைக் குறை என்று சொல்ல மாட்டேன், நாம் கேட்ட பிரைவசி அதுதான். ஆனால் பாஸ்வேர்டை காலண்டர் அட்டையின் பின்பக்கம் எழுதி வைக்கும் அப்பாவுக்குப் புரோட்டான் கணக்கு திறந்து கொடுப்பவர்கள் இதை யோசித்துப் பார்ப்பதில்லை.

புரோட்டானுக்குப் போனால் எல்லாமே மறைந்துவிடும் என்ற நினைப்பும் சரியில்லை. புரோட்டானிலிருந்து புரோட்டானுக்குப் போகும் மெயில்தான் தானாகவே என்ட்-டு-என்ட், அதாவது அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே திறக்கக்கூடிய பூட்டு. வங்கியும் ஐஆர்சிடிசியும் அனுப்புவது சாதாரண மெயில். வந்து சேரும் நொடியில் புரோட்டான் சர்வர் அதைப் பார்க்கிறது, அதன் பிறகுதான் உங்கள் பப்ளிக் கீயால் (பூட்ட மட்டுமே உதவும், திறக்க உதவாத சாவி) பூட்டி வைக்கிறது. உங்களோடு மெயிலாடும் பத்துப் பேரில் ஒன்பது பேர் ஜிமெயில் என்றால் அந்த உரையாடல்களின் நகல் கூகுளிடம் அப்படியே இருக்கும். புரோட்டானில் சப்ஜெக்ட் வரிக்கு என்ட்-டு-என்ட் பூட்டு கிடையாது, டூட்டாவில் உண்டு. யார் யாருக்கு எப்போது அனுப்பினார்கள் என்பதை எந்த நிறுவனத்தாலும் முழுதாக மறைக்க முடியாது.

இது வெறும் தியரி இல்லை. 2021-ல் பிரெஞ்சு போலீஸ் ஐரோப்பிய போலீஸ் அமைப்பான யூரோபோல் வழியாகக் கேட்டு, சுவிஸ் அதிகாரிகள் உத்தரவு போட்டதும், ஒரு பருவநிலை ஆர்வலரின் ஐபி முகவரியை (எந்த இணைய இணைப்பிலிருந்து வந்தார் என்று காட்டும் எண்) புரோட்டான் பதிவு செய்து கொடுத்தது. 2024-ல் ஸ்பெயின் வழக்கொன்றில் கணக்கின் ரிக்கவரி மெயில் முகவரி கைமாறியது, அதைப் பிடித்துக்கொண்டு போலீஸ் அடுத்த நிறுவனத்தின் கதவைத் தட்டியது. இரண்டிலும் மெயிலின் உள்ளடக்கம் போகவில்லை, கொடுக்கவும் முடியாது. ஆனால் சிக்க வைத்தது உள்ளடக்கம் இல்லையே! அடையாளத்தை மறைப்பதுதான் நோக்கம் என்றால் ரிக்கவரி மெயிலாக உங்கள் சொந்தப் பெயருள்ள முகவரியைக் கொடுக்காதீர்கள். அந்த 12 சொற்களைத் தாளில் எழுதி வையுங்கள். போனில் ஸ்க்ரீன்ஷாட் எடுத்தால் அது கூகுள் ஃபோட்டோஸுக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும்.

எந்த நாட்டு நிறுவனம் என்பதும் முக்கியம், ஆனால் பலர் நினைக்கிற மாதிரி இல்லை. 2024 பிப்ரவரியில் சென்னையில் பல தனியார் பள்ளிகளுக்கு வெடிகுண்டு மிரட்டல் மெயில் வந்தது. அது புரோட்டான் வழியாக வந்ததால், தமிழ்நாடு போலீஸின் கோரிக்கையில் அந்தச் சேவையையே முடக்கும் அளவுக்கு டெல்லியில் விஷயம் போனது. சுவிஸ் அரசு தலையிட்ட பிறகே அடங்கியது. 2025 ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம், இணையதளங்களை முடக்க அரசுக்கு அதிகாரம் தரும் ஐடி சட்டத்தின் 69ஏ பிரிவின்படி புரோட்டானை முடக்க நடவடிக்கை எடுக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. வெளிநாட்டுப் போலீஸுக்கு நேரடியாகத் தகவல் கொடுப்பது சுவிஸ் சட்டப்படி குற்றம் என்பதால், இங்குள்ள போலீஸ் கேட்டதும் தரவு கிடைக்காது. அந்தக் கோபம்தான் ‘மொத்தமாக மூடு’ என்று வருகிறது. புரோட்டான் முகவரியை வங்கிக்கும் பாஸ்போர்ட்டுக்கும் கொடுத்திருந்தால், ஒரு காலையில் தளம் திறக்காமல் போகும் வாய்ப்பையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஜோஹோவுக்கு இது நேர் எதிர். விளம்பரம் கிடையாது, இந்தியப் பயனர்களுக்கு இந்தியாவில் டேட்டா சென்டர் இருக்கிறது, விளம்பர நிறுவனங்கள் மோப்பம் பிடிப்பது பிடிக்காதவருக்கு நல்ல தேர்வு. ஆனால் இந்திய நிறுவனம், சாவியும் அவர்களிடம். ஐடி சட்டத்தின் 69-ம் பிரிவில் அரசு முறைப்படி கேட்டால் மறுக்க வழியில்லை. ‘சுதேசி’ என்பதையும் ‘பிரைவசி’ என்பதையும் ஒன்றாக்கிப் பேசுகிறவர்கள் இந்த இடத்தில் மட்டும் அமைதியாகிவிடுகிறார்கள்.

இனி, பலருக்கும் பிடிக்காத ஒன்றைச் சொல்கிறேன். போலீஸும் உளவுத்துறையும் தேடாத சாதாரண ஆளுக்கு உண்மையான ஆபத்து ஃபிஷிங்கும் (போலி மெயில், போலித் தளம் காட்டி பாஸ்வேர்டைப் பிடுங்குவது) கணக்கு பறிபோவதும்தான். அந்த விஷயத்தில், சரியாகப் பூட்டிய ஜிமெயிலை மிஞ்சுவது கஷ்டம். 2016-ல் ஹிலாரி கிளின்டனின் பிரசாரத் தலைவர் ஜான் பொடெஸ்டாவின் ஜிமெயில் பறிபோனது, கூகுளிலிருந்து வந்தது போல நடித்த ஒரு போலி எச்சரிக்கை மெயிலால். பாஸ்வேர்டை அவர் தரப்பே டைப் செய்து கொடுத்துவிட்டது. அந்தக் கணக்கில் லாகின் செய்யும்போது செருகவேண்டிய யூஎஸ்பி செக்யூரிட்டி கீ கட்டாயமாக இருந்திருந்தால், திருடிய பாஸ்வேர்ட் மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே போயிருக்க முடியாது. அந்தக் கீயும், பாஸ்வேர்டுக்குப் பதிலாக போனிலோ கம்ப்யூட்டரிலோ இருக்கும் டிஜிட்டல் சாவியான பாஸ்கீயும் தளத்தின் முகவரியைச் சரிபார்த்துத்தான் பதில் சொல்லும், போலித் தளத்தில் வேலை செய்யாது. ஓடிபி அப்படி இல்லை, அதைப் போலித் தளத்திலும் நாம் டைப் செய்துவிடுவோம்.

கூகுளில் ‘அட்வான்ஸ்டு புரொடெக்‌ஷன்’ என்ற கூடுதல் பாதுகாப்புத் திட்டம் இலவசம்தான், பாஸ்கீ இருந்தாலே சேரலாம். சேர்ந்த பிறகு உங்கள் மெயிலைப் படிக்க அனுமதி கேட்கும் வெளி ஆப்கள் பலவற்றை அது தடுத்துவிடும், அதைத் தெரிந்துகொண்டே சேருங்கள். கூகுள் தரும் 10 பேக்அப் கோடுகளை (போன் கையில் இல்லாதபோது உள்ளே போக உதவும் எண்கள்) அச்செடுத்து பீரோவில் வையுங்கள். பிறகு செட்டிங்ஸில் ஃபார்வர்டிங் பகுதியையும் ஃபில்டர்களையும் திறந்து பாருங்கள். உள்ளே நுழைந்தவன் முதலில் பாஸ்வேர்டைத்தான் மாற்றுவான் என்று இல்லை. ‘வங்கி’, ‘ஓடிபி’ என்று வரும் மெயிலைத் தனக்கு ஒரு நகல் அனுப்பும்படியும், உங்கள் இன்பாக்ஸில் தெரியாமல் ஆர்கைவுக்குப் போகும்படியும் ஒரு ஃபில்டர் போடுவான். பாஸ்வேர்டை நீங்கள் மாற்றினாலும் அந்த ஃபில்டர் அங்கேயே இருக்கும்.

பெரிய நிறுவனம் என்றாலே பாதுகாப்பு என்றும் சொல்லவில்லை. யாஹூவில் 2013-ல் நடந்த திருட்டில் 300 கோடிக் கணக்குகள், அதாவது அன்றிருந்த அத்தனையும், அகப்பட்டன. முழுக்கணக்கு வெளியே வந்தது 2017-ல்தான். 2023-ல் லாகின் உண்மையானதுதான் என்று உறுதி செய்யும் மைக்ரோசாஃப்டின் ஒரு டிஜிட்டல் கையெழுத்துச் சாவியை வைத்து, ஹேக்கர்கள் அமெரிக்க வணிகத் துறை அமைச்சரின் மெயில்வரை படித்தார்கள். கூகுளிடம் வேறொரு ஆபத்து, கணக்கைப் பூட்டினால் முறையிட ஆள் கிடையாது. குழந்தையின் நோய்க்காக டாக்டருக்கு அனுப்ப எடுத்த படத்தைக் கூகுளின் இயந்திரம் தவறாகப் புரிந்துகொண்டு, ஒரு தந்தையின் கணக்கு முழுதும் மூடப்பட்டது 2022-ல் செய்தியானது. போலீஸ் அவர்மேல் குற்றமில்லை என்று சொன்ன பிறகும் கணக்கு திரும்பவில்லை.

இதற்கு மருந்து சொந்த டொமைன், அதாவது @ குறிக்குப் பின்னால் வரும் பெயரை நீங்களே வாங்கி வைப்பது. முகவரி உங்களுடையதாக இருந்தால் நிறுவனம் பூட்டினாலும், தடை வந்தாலும், எம்எக்ஸ் ரெக்கார்டை (மெயில் எந்த நிறுவனத்துக்குப் போக வேண்டும் என்று சொல்லும் டொமைன் பதிவு) மாற்றி வேறு இடத்துக்குப் போகலாம். ஆனால் இது பூட்டை வேறு கதவுக்கு மாற்றுவதுதான், அந்தக் கதவின் பெயர் ரெஜிஸ்ட்ரார் கணக்கு, அதாவது டொமைனை விற்ற நிறுவனத்தில் உள்ள கணக்கு. அதன் ரிக்கவரி மெயிலாக அதே டொமைனில் உள்ள முகவரியைக் கொடுத்தால், டொமைன் காலாவதியானால் இரண்டும் சேர்ந்து போகும். வெளிநாட்டு ரெஜிஸ்ட்ராரிடம் ஆட்டோ ரினியூவை நம்பாதீர்கள். 2021 அக்டோபரில் அமலுக்கு வந்த ரிசர்வ் வங்கியின் ஆட்டோ டெபிட் விதிகளுக்குப் பிறகு இந்திய கார்டில் அது அடிக்கடி தோற்றுப்போகிறது. டாட் காம் டொமைனை அதிகபட்சம் 10 ஆண்டுகளுக்குச் சேர்த்தே கட்டலாம். காலாவதியான டொமைனை வேறொருவர் வாங்கினால் உங்கள் பாஸ்வேர்ட் ரீசெட் மெயில்கள் எல்லாம் அவருக்குப் போகும்.

சொந்த டொமைனோடு நிறுவனம் மாறும்போது பலர் இடறும் இடம் எஸ்பிஎஃப், அதாவது உங்கள் டொமைன் பெயரில் மெயில் அனுப்ப எந்த சர்வர்களுக்கு அனுமதி என்று சொல்லும் பதிவு. பழைய நிறுவனத்தின் வரியை விட்டுவிட்டு புதியதற்கு இரண்டாவது வரி போடுவார்கள். ஒரு டொமைனுக்கு ஒரே ஒரு எஸ்பிஎஃப் வரிதான் செல்லும். இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது, அனுப்பும் மெயில் ஸ்பாமில் விழலாம். இரண்டையும் ஒரே வரியில் சேர்க்க வேண்டும். முந்தைய நாளே டிடிஎல்-ஐ (பழைய பதிவை மற்ற சர்வர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரம்) 300 வினாடிக்குக் குறைத்து, டிகிம் (மெயிலில் சேரும் டிஜிட்டல் கையெழுத்து) போட்டு, இந்தச் சோதனைகளில் தோற்ற மெயிலை என்ன செய்வது என்று சொல்லும் டிமார்க்கை முதலில் ‘நன்’ (எதுவும் செய்யாதே) என்று வைத்து ரிப்போர்ட் பார்த்த பிறகு இறுக்கலாம்.

கடைசியாக, எல்லாக் கணக்குகளின் பின்கதவு ரிக்கவரி போன் நம்பர். துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ போனவர்கள் ஊர் சிம்முக்கு ரீசார்ஜ் செய்யாமல் விட்டுவிடுவார்கள். துண்டிக்கப்பட்ட எண் 90 நாள் கழிந்தால் வேறொருவர் கைக்குப் போகலாம், உங்கள் ஓடிபி அவருக்கு வரும். பாஸ்கீயும் பேக்அப் கோடும் வைத்த பிறகு அந்த எண்ணை மெயில் கணக்கிலிருந்து நீக்கிவிடுங்கள்.

மாறிய பின் பழைய கணக்கை உடனே டெலீட் செய்யாதீர்கள். யாஹூ 2013-ல் ஓராண்டு பயன்படுத்தாத ஐடிகளை மற்றவர்களுக்குக் கொடுத்தது. ஜிமெயிலோ, 2 ஆண்டுகள் தொடாத கணக்கை அழித்துவிடும். பழையதிலிருந்து புதியதற்கு ஃபார்வர்டிங் போட்டுவிட்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை உள்ளே போய், இன்னும் எந்த வங்கி, எந்த இன்ஷூரன்ஸ் அங்கேயே எழுதிக்கொண்டிருக்கிறது என்று பார்த்து ஒவ்வொன்றாக மாற்றுங்கள்.