இருவாச்சிக் கூட்டைக் காட்ட மறுத்தவர்

எங்கள் ஊர் கம்பம். மலையேறினால் குமுளி, அதை ஒட்டித் தேக்கடி. வீட்டுக்கு யார் வந்தாலும் அங்கே கூட்டிப்போய்ப் படகில் ஏற்றி இறக்கிக் கூட்டிவருவதுதான் எங்கள் வழக்கம். போன பிப்ரவரியில்தான் முதல் தடவையாக மூங்கில் தெப்பத்தில் போனோம். காலையில் காட்டுக்குள் நடை, பிறகு தெப்பம், மறுபடியும் நடை என்று ஒரு முழுநாள்.

கூட வந்தவர்களில் ஒருவர் பெரிய லென்ஸோடு வந்திருந்தார். வழிகாட்டி அண்ணனை ஓரமாக அழைத்து, "இருவாச்சிக் கூடு எங்க இருக்குன்னு உங்களுக்குத் தெரியும்ல? காட்டுங்க, தனியா கவனிச்சுக்கிறேன்" என்றார்.

"தெரியும் சார். காட்ட மாட்டேன்."

குரலில் கோபம் இல்லை. இருவாச்சி பெரிய அலகுள்ள காட்டுப் பறவை; அதில் பெண் மரப்பொந்துக்குள் போய் வாசலை அடைத்துக்கொள்ளும், அலகு நுழையும் அளவுக்குத்தான் இடைவெளி விடும், மாதக்கணக்கில் அதற்கும் குஞ்சுக்கும் பழம் கொண்டுவந்து ஊட்டுவது ஆண்தான் என்று நின்ற இடத்திலேயே சொன்னார். "நாம கூட்டமா மரத்தடியில நின்னா ஆண் கிட்ட வராது சார். உள்ள ரெண்டும் பட்டினி கிடக்கும்." லென்ஸ்காரர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அவரே, இது என்ன மரம், அத்தி எப்போது பழுக்கும் என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். காட்டு வாசலில் இருக்கும் எந்த அறிவிப்புப் பலகையும் அந்த வேலையைச் செய்திருக்காது.

தேக்கடி இருக்கும் பெரியாறு புலிகள் காப்பகத்தில் இந்த வழிகாட்டிகள் உருவான கதை எங்கள் பக்கத்தில் பலருக்குத் தெரியும். லவங்கப்பட்டை இனத்தைச் சேர்ந்த வயணா மரப்பட்டையை உரித்துக் கடத்தி, வழக்கும் தலைமறைவுமாகத் திரிந்தவர்கள் சிலரோடு 1990களின் பிற்பகுதியில் வனத்துறை பேசி, அவர்களையே காட்டுக் காவலுக்கும் பயணிகளை அழைத்துப்போகும் வேலைக்கும் கொண்டுவந்தது. பளியர், மன்னான் பழங்குடி மக்களும் இப்படிக் குழுக்களாக இந்த வேலைக்கு வந்தார்கள். காட்டை வெட்டினால் வந்த வருமானம் காடு இருந்தால்தான் வரும் என்று ஆனது. அறிவுரையால் வந்த மாற்றம் இல்லை இது. பிழைப்புக்கு வேறு வழி கிடைத்ததால் வந்தது.

தெப்பத்தில் போகும்போது நீருக்கு மேலே பட்ட மரங்கள் நின்றன. 1895-ல் முல்லைப் பெரியாறு அணை கட்டி முடித்தபோது மூழ்கிய காடு அது. ஒரு மரத்தில் நீர்க்காகம் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது. என் அக்கா மகன் பிஸ்கட் உறையைத் தண்ணீரில் விடப்போனான். அண்ணன் அவனிடம் கேட்டார்: "நீ எந்த ஊரு தம்பி?" "கம்பம்." "இந்தத் தண்ணிதான் சுரங்கம் வழியா உங்க ஊர் வயலுக்கு வருது. உன் வீட்டுக்கே குப்பையை அனுப்புறியா?" உறை பையன் சட்டைப்பைக்குள் போனது. 'குப்பை போடாதே' என்று நான் ஆயிரம் முறை சொல்லியிருப்பேன். அது எங்கே போய்ச் சேரும் என்று ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

எல்லா வழிகாட்டியும் இப்படி இல்லை. வேறொரு மலையில், யானைக்கூட்டத்துக்கு முன்னால் ஜீப்பை நிறுத்தி ஓட்டுநர் இன்ஜினை உறுமவிட்டதை நான் பார்த்திருக்கிறேன். தாய் யானை திரும்பியதும் வண்டியிலிருந்தவர்கள் கைதட்டினார்கள். இறங்கியதும் ஆளுக்கு நூறு ரூபாய் கொடுத்தார்கள். கைபேசியில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பவர்கள் உண்டு. தன் எல்லைக்குள் வேறொரு பறவை புகுந்துவிட்டது என்று நினைத்து அது கூட்டைவிட்டு வெளியே வருகிறது. அதற்கும் நாம் காசு கொடுக்கிறோம். யானைச் சவாரிக்கும் கடைக்கும் ஆள் சேர்த்துவிட்டால் கமிஷன் வரும். நாள் முழுக்க நடந்து மரத்தையும் மண்ணையும் சொல்லிக்கொடுத்தவருக்கு, "புலியே காட்டல" என்று ஒற்றை நட்சத்திரம் போடுகிறோம்.

அதனால் வழிகாட்டிகளுக்குப் பயிற்சி கொடுத்தால் மட்டும் போதும் என்பதை நான் ஏற்கவில்லை. பயிற்சி வேண்டும். ஆனால் "மாட்டேன்" என்று சொல்லும் வழிகாட்டிக்கு அன்றைய கூலி குறையக்கூடாது, அது அதைவிட முக்கியம். கூலி முன்கூட்டியே நியாயமாக முடிவாக வேண்டும். இனாம் கொடுப்பதானால் விலங்கு தெரியாத நாளிலும் அதே தொகையைக் கொடுங்கள். அந்த ஊர்க்காரரையே அமர்த்துங்கள். அவர் எதைக் காட்ட மறுத்தார், ஏன் மறுத்தார் என்பதை விமர்சனத்தில் எழுதுங்கள்.

டிசம்பரில் பெரியம்மா வீட்டார் சென்னையிலிருந்து வருகிறார்கள். "யானை கிட்டக்கத் தெரியுமா?" என்று இப்போதே கேட்டாயிற்று. தெரிந்தால் தூரத்திலிருந்து பார்ப்போம், அந்த அண்ணனோடு நாள் முழுக்க நடக்கலாம், நல்ல செருப்பாக எடுத்துவாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.